பட்டுப்புழு குடல் செக்ஷன்ல பாஸ்படேஸ் கலர்: கன்ட்ரோலும் ஊதாவா வருது, இத எப்படித்தான் அளக்கறது?

தகடூர்க்காரி

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க. எம்எஸ்சி ஜுவாலஜி ரெண்டாவது வருஷம், ஊரு தர்மபுரி. ப்ராஜெக்ட் வந்து பட்டுப்புழு நடுக்குடல்ல அல்கலைன் பாஸ்படேஸ், அதாவது பாஸ்பேட்ட வெட்டி விடற ஒரு என்சைம். பாலக்கோடு பக்கம் எங்க மாமா புழு வளக்கறாரு, அவர் மனையில ஒரு தட்டுக்கு தளதளன்னு இருக்கற வி1 ரக மல்பெரி இலை, இன்னொரு தட்டுக்கு வெயில்ல வாடிப்போன முத்தல் இலை, அஞ்சாம் பருவத்துல ரெண்டு தட்டு புழுவையும் அறுத்து குடல்ல என்சைம் எங்க எவ்ளோ வேலை செய்யுதுன்னு கலர் வச்சு பாக்கணும். கைட் கிட்ட ஓகே வாங்குனப்ப எனக்கே பெருமையா இருந்துச்சு, இப்ப தூக்கம் போச்சு.

பண்ணுனது இதான். குடலை எடுத்து பிபிஎஸ்ங்கற உப்பு பஃபர்ல அலசி, 10 சதவீத ஃபார்மலின்ல ஒரு ராத்திரி முழுக்க போட்டு, அப்புறம் வழக்கம்போல ஆல்கஹால், சைலீன், 60 டிகிரி பாரஃபின், 5 மைக்ரான் செக்ஷன் (மெல்லிசா சீவுன துண்டு). அதுக்கு மேல பிசிஐபி (என்சைம் வெட்டற பொருள், அதான் சப்ஸ்ட்ரேட்), என்பிடி (ஊதா கலர் குடுக்கறது) ரெண்டும் சேந்த கலவைய ஊத்தி ஒரு மணி நேரம். குடல் சுவர் ஏதோ சோகை புடிச்ச மாதிரி லேசா வந்துச்சு, ஆனா குடலுக்குள்ள கெடக்கற இலைத்துணுக்கு எல்லாம் நல்லா ஊதா. சரின்னு பிசிஐபி போடாம வெறும் என்பிடி ஊத்துன கன்ட்ரோல் ஸ்லைடை பாத்தா அதுலயும் உள்ள அதே ஊதா! சப்ஸ்ட்ரேட்டே இல்லாம எப்படிங்க கலர் வரும்?

அப்புறம் தெரிஞ்ச ஒரு அக்கா மூலமா வேற ஊர் லேப்ல ஒரு நாள் கிரையோஸ்டாட் (திசுவ உறைய வச்சு வெட்டற மெஷின்) கெடைச்சுது, ஐஸ் டப்பாவ மடியில வச்சுக்கிட்டு பஸ்ல போனேன், கண்டக்டர் மீனான்னு கேட்டாரு. அங்க 10 மைக்ரான்ல வெட்டி அதே ஒரு மணி நேரம் வச்சேன். இந்த தடவ தலைகீழ், ரெண்டு குரூப்பும் கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. ஃபோன்ல போட்டோ புடிச்சு இமேஜ்ஜேங்கற படம் அளக்கற சாஃப்ட்வேர்ல போட்டா, எவ்ளோ கறுப்புன்னு சொல்ற கிரே வேல்யூ நல்ல இலைக்கு சராசரி 61, வாடுன இலைக்கு 63. அதாவது வித்தியாசமே இல்ல. ஒவ்வொரு குரூப்லயும் ரெண்டு புழு, புழுவுக்கு 15 செக்ஷன், ஆக 30 வச்சு டி டெஸ்ட்டும் (வித்தியாசம் நிஜமா தற்செயலான்னு பாக்கற கணக்கு) போட்டுட்டேன். கைட் சொல்றாரு கலர கண்ணால பாத்து ப்ளஸ், ப்ளஸ் ப்ளஸ்னு போட்டு எழுதிக்கமான்னு. எனக்கு நம்பரா வேணும். வைவாவுக்கு ஆறு வாரம் இருக்கு, எங்க தப்பு பண்ணுனேன்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

பழைய மைக்ரோடோம்

வணக்கம்மா. நான் கிருஷ்ணகிரி, ஹிஸ்டோபேத்தாலஜி லேப் டெக்னீசியனா இருந்து ரிட்டயர் ஆனவன். புழு வெட்டுனதில்ல, மனுஷன் சதை நெறைய வெட்டிருக்கேன், என்சைமுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

மொதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்க. மத்த ஸ்டெயின்ல நாம சதைக்கு சாயம் பூசறோம், இதுல அப்படி இல்ல, சாயத்த சதையே செய்யுது. அதனால என்சைம் உசுரோட இருக்கணும். நீ ராத்திரி பூரா ஃபார்மலின்ல ஊறப்போட்டு 60 டிகிரியில மெழுகுல வேக வச்சா அங்க யாரும்மா வேலை செய்யறதுக்கு மிச்சம் இருப்பா? அந்த சோகை கலர் வந்ததே பெருசு, அதுவும் இது பாஸ்படேஸ்ங்கறதாலதான், கொஞ்சம் முரட்டு ஜாதி. சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் மாதிரி ஆளா இருந்திருந்தா ஸ்லைடு வெள்ளையாவே இருந்திருக்கும், அதுக்கெல்லாம் ஃபார்மலின் மாதிரி எதுலயும் ஊறப்போட்டு ஃபிக்ஸ் பண்ணாம, உறைய வச்சு வெட்டற ஃப்ரோசன் செக்ஷன்தான். எங்க காலத்துல மஸில் பயாப்சி வந்தா பாட்டில்ல ஃபார்மலின் ஊத்தி அனுப்பிட்டாங்கன்னா அன்னைக்கு லேப்ல ஒரே திட்டு. பொறந்த புள்ளைக்கு மலம் போகாம வயிறு உப்பி வருமே ஹிர்ஷ்ப்ரங், அந்த மலக்குடல் துணுக்குக்கு அசிட்டைல்கோலின் எஸ்ட்ரேஸ் போடறதும் ஃப்ரோசன்லதான், ஐஸ்ல வச்சு ஓடி வருவாங்க.

ரெண்டாவது தப்பு யாரும் கவனிக்காதது. பிபிஎஸ்ல அலசுனேன்னு எழுதிருக்க. பிபிஎஸ்ல இருக்கறது என்ன, பாஸ்பேட். உன் என்சைம் பாஸ்பேட்ட வெட்டி வெளிய தள்ளற என்சைம், வெளிய ஏற்கனவே பாஸ்பேட் குமிஞ்சு கெடந்தா அது சப்ஸ்ட்ரேட்டோட எடத்துல போய் உக்காந்துக்கும், வேலை மந்தமாயிடும். பூச்சிக்கு 0.75 சதவீத உப்புத்தண்ணி போதும், இல்ல ட்ரிஸ் பஃபர்ல உப்பு போட்டு அலசு. ஈடிடிஏ இருக்கற பஃபர் பக்கமே போயிடாத, இந்த என்சைமுக்கு துத்தநாகமும் மக்னீசியமும் வேணும், ஈடிடிஏ ரெண்டையும் உருவிடும்.

கிரையோஸ்டாட் கெடைக்கலன்னா அழுவாத. 1939 ல கோமோரின்னு ஒருத்தர், ஹங்கேரிக்காரர், அமெரிக்காவுல இருந்துக்கிட்டு இதே அல்கலைன் பாஸ்படேஸ பாரஃபின் செக்ஷன்லயே காமிச்சாரு. அதே வருஷம் ஜப்பான்ல தகமாட்சுவும் தனியா அதே முறையில காமிச்சாரு. சூட்சுமம் ஃபார்மலின்ல இல்ல, ஆல்கஹால்லயும் அசிட்டோன்லயும் இருக்கு. சில்லுன்னு இருக்கற அசிட்டோன்ல ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு ராத்திரி வை, சீக்கிரமா தெளிய வச்சு 52, 54 டிகிரியில உருகற மெழுகுல எவ்ளோ கொஞ்ச நேரம் முடியுமோ அவ்ளோதான் வை. எல்லா என்சைமும் பொழைக்காது, பாக்கற அளவுக்கு மிச்சம் இருக்கும்.

அவரோட முறையில கலரே வேற. கிளிசரோபாஸ்பேட்டுல இருந்து விடுபட்ட பாஸ்பேட்ட கால்சியம் புடிச்சுக்கும், அப்புறம் கோபால்ட்டு ஊத்தி கடைசியா அமோனியம் சல்பைடு, கறுப்பா வரும். நாங்க அத போட்ட அன்னைக்கு அழுகுன முட்டை நாத்தம், கேன்டீன் வரைக்கும் போவும். நியூக்ளியஸ் எல்லாம் பொய்யா கறுக்கறதும் அதுல ஒரு பெரிய தலைவலி, கால்சியம் பாஸ்பேட் நின்ன எடத்துல நிக்காம நகந்து போய் ஒட்டிக்கும். நீ பிசிஐபியிலயே இரு.

ஓசூர் டூ பெங்களூர்

அய்யா சொன்னது நூத்துக்கு நூறு சரி. கன்ட்ரோல் ஏன் ஊதா ஆச்சுங்கறத மட்டும் நான் சொல்றேன், ஏன்னா எனக்கும் இது நடந்துருக்கு (நான் தினமும் ஓசூர்ல பஸ் ஏறி பெங்களூர்ல ஒரு லேபுக்கு போற ஆளு, அத்திப்பள்ளி ட்ராஃபிக்ல உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க).

பிசிஐபில இருந்து பாஸ்பேட்ட என்சைம் வெட்டுனதும் மிச்சம் இருக்கற இண்டாக்சில் ரெண்டு ரெண்டா சேந்து இண்டிகோ நீலமாகும், அப்படி ஆகும்போது அது எலக்ட்ரான விட்டுக்கொடுக்கும், அத என்பிடி வாங்கிக்கிட்டு ஃபார்மசான்ங்கற ஊதாவா மாறி அந்த எடத்துலயே படிஞ்சிடும். இதுல கவனிங்க, என்பிடிக்கு எலக்ட்ரான் யாரு குடுத்தாலும் ஒண்ணுதான், என்சைம்தான் குடுக்கணும்னு அதுக்கு ஒரு கட்டாயமும் இல்ல. பிஹெச் 9.5 ல அஸ்கார்பிக் ஆசிட், அதான் வைட்டமின் சி, அது குடுக்கும், புரதத்துல இருக்கற சல்ஃபர் ஹைட்ரஜன் குரூப்பு குடுக்கும், சில சர்க்கரை கூட குடுக்கும். மல்பெரி இலையில அஸ்கார்பிக் ஆசிட் இருக்கு, உங்க புழு வயித்துல பூரா மல்பெரி இலை. அப்ப குடலுக்குள்ள ஊதா வந்தது பாஸ்படேஸ் இல்ல, சாப்பாடு!

நல்ல வேளை அந்த கன்ட்ரோல் போட்டீங்க, நெறைய பேரு போடாமலே பேப்பர் எழுதிட்டு போயிடறாங்க. செய்ய வேண்டியது என்னன்னா, குடலை நீளவாக்குல கீறுனா உள்ள இலைய சுத்தி ஒரு மெல்லிசு உறை இருக்கும், பெரிட்ராஃபிக் மெம்ப்ரேன், அத சாமணத்துல புடிச்சு இழுத்தா இலையோட மொத்தமா உருவிக்கிட்டு வந்துரும், அப்புறம் உப்புத்தண்ணியில நல்லா அலசிட்டு ஃப்ரீஸ் பண்ணுங்க. கன்ட்ரோல் ரெண்டு வேணும். ஒண்ணு பிசிஐபி இல்லாதது, இன்னொண்ணு செக்ஷன சூடான தண்ணியில வச்சு என்சைம கொன்னுட்டு முழு கலவையும் ஊத்தறது. யாராச்சும் லெவாமிசோல் போடுங்கன்னு சொன்னா கேக்காதீங்க, பாலூட்டிகள்லயே அது குடல் பாஸ்படேஸ அடக்காது, மத்த பல திசுவுல இருக்கறததான் அடக்கும், புழு குடலுக்கு அத நம்பி கன்ட்ரோல்னு சொல்ல முடியாது. கலவைய இருட்டுல வைங்க, என்பிடி வெளிச்சத்துலயே தானா கலர் மாறும்.

அளக்கற விஷயம் பெருசு, ராத்திரி வீட்டுக்கு போய் எழுதறேன்.

காவேரிப்பட்டணம் கெமிஸ்ட்

ஏங்க இவ்ளோ கஷ்டம். குடலை அரைங்க, பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட் ஊத்துங்க, மஞ்சள் வரும், சோடியம் ஹைட்ராக்சைடு ஊத்தி நிறுத்தி 405 நானோமீட்டர்ல படிங்க, லவ்ரி முறையில புரதம் பாத்து வகுத்தா நம்பர் கையில. அரை நாள் வேலை. ஸ்லைடுல இருந்து நம்பர் எடுக்கறதெல்லாம் கடல்ல உப்பு எவ்ளோன்னு அலைய பாத்து சொல்ற மாதிரி.

பழைய மைக்ரோடோம்

அரைச்சா நம்பர் வரும் தம்பி, எடம் போயிடுமே. அந்த புள்ளைக்கு எங்கன்னும் தெரியணும்ல. மாம்பழத்த கூழ் ஃபேக்டரியில போட்டதுக்கு அப்புறம் எந்த கிளையில காய்ச்சதுன்னு கேட்டா உங்க ஊர்ல யாராச்சும் சொல்லுவாங்களா?

ஓசூர் டூ பெங்களூர்

வந்துட்டேன். கெமிஸ்ட் அண்ணா சொல்றதுலயும் நியாயம் இருக்கு, கடைசியில அதுக்கு வரேன்.

தகடூர்க்காரி, உங்க பெரிய தப்பு ஃபார்மலின் இல்ல, அந்த ஒரு மணி நேரம். நீங்க கலர் எவ்ளோ கறுப்புன்னு பாக்கறீங்க, ஆனா என்சைம் ஆக்டிவிட்டின்னா கலர் எவ்ளோ வேகமா கறுக்குதுங்கறதுதான். ரெண்டு குழாய தொறந்து விடுங்க, ஒண்ணு வேகமா கொட்டுது இன்னொண்ணு சொட்டு சொட்டா வடியுது, ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா ரெண்டு குடமும் ரொம்பி வழியுது, அதுக்காக ரெண்டு குழாயும் ஒண்ணுன்னு சொல்லுவீங்களா? 61, 63 ன்னு வந்தது ரொம்புன குடத்தோட உயரம்.

அதனால நேரம் வச்சு பாக்கணும். ஒரே புழுவோட அடுத்தடுத்த செக்ஷன எடுத்து 2, 4, 6, 8, 10, 15 நிமிஷம்னு நிறுத்துங்க, இல்லன்னா இன்னும் நல்லது, ஒரு ஸ்லைட மைக்ராஸ்கோப்புக்கு அடியிலயே வச்சு கலவைய ஊத்தி கவர்ஸ்லிப் போட்டு ஒரே எடத்த நிமிஷத்துக்கு ஒரு போட்டோ எடுங்க. அப்புறம் நேரத்துக்கு எதிரா கலர வரைஞ்சா ஆரம்பத்துல கொஞ்சம் நேர்கோடா போகும், அப்புறம் வளைஞ்சு படுத்துடும். அந்த நேர்கோட்டோட சரிவுதான் உங்க நம்பர். படுத்ததுக்கு அப்புறம் எடுத்த போட்டோ எதுவும் உதவாது. கன்ட்ரோலுக்கும் அதே மாதிரி சரிவு எடுத்து கழிச்சுடுங்க. அறை சூடும் முக்கியம், நம்ம பக்கம் ஏப்ரல் மதியானமும் டிசம்பர் காலையும் ஒண்ணு கெடையாது, 37 டிகிரி இன்குபேட்டர்ல வச்சா எல்லாத்தையும் அதுலயே வைங்க.

அடுத்தது இமேஜ்ஜே. அது குடுக்கற சராசரி கிரே வேல்யூவ அப்படியே எழுதக்கூடாது. வெளிச்சம் குறையறது நேர்கோட்டுல இல்ல, லாக்ல. வெறும் கண்ணாடி 220 ன்னு வைங்க, திசு 110 ன்னா ஆப்டிக்கல் டென்சிட்டி (220 ஐ 110 ஆல வகுத்து லாக் போட்டது) 0.30, அதே 55 ஆனா 0.60, 22 ஆனா 1.0. அதாவது 220 ல இருந்து 110 க்கு விழுந்தா சாயம் ஒரு பங்கு, 110 ல இருந்து 55 க்கு விழுந்தாலும் அதே ஒரு பங்குதான், ஆனா கிரே வேல்யூவ பாத்தா மொதல்ல 110 குறைஞ்ச மாதிரியும் அப்புறம் பாதிதான் குறைஞ்ச மாதிரியும் தெரியும். ரொம்ப கறுத்தா, 1 க்கு மேலன்னா, 8 பிட் கேமராவுக்கு வித்தியாசம் சரியா தெரியாது.

இன்னொரு பொறி இருக்கு, என் மொத வருஷ டேட்டா முழுக்க இதுலதான் போச்சு. உங்க கலர் குடல் சுவர் முழுக்க சமமா இருக்காது, செல்லோட விளிம்புல பிரஷ் பார்டர்ல குவிஞ்சிருக்கும். ஒரு பெரிய கட்டம் போட்டு மொதல்ல சராசரி எடுத்துட்டு அப்புறம் லாக் போட்டா தப்பு. பாதி எடம் 220, பாதி எடம் 22 ன்னு வைங்க, சராசரி 121, அதுக்கு லாக் போட்டா 0.26. ஆனா உண்மை என்ன, பாதிக்கு 0, பாதிக்கு 1, சராசரி 0.5. பாதியா கொறஞ்சு போச்சு பாருங்க! ஒவ்வொரு பிக்சலுக்கும் மொதல்ல லாக் போட்டுட்டு அப்புறம்தான் சராசரி எடுக்கணும். அந்த காலத்துல இதுக்காகவே ஸ்லைட புள்ளி புள்ளியா ஸ்கேன் பண்ற டென்சிட்டோமீட்டர் வச்சிருந்தாங்க, இப்ப கேமராவே அத பண்ணுது, நாமதான் சொல்லிக்குடுக்கணும்.

ஃபோன்ல எடுத்தா ப்ரோ மோடுல ஐஎஸ்ஓ, ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் மூணையும் பூட்டிடுங்க, ரா ஃபைலா சேவ் பண்ணுங்க. ஆட்டோவுல விட்டா அது இருட்டா இருக்கற ஸ்லைட பாத்து அய்யோ பாவம்னு வெளிச்சத்த கூட்டிடும், கல்யாண போட்டோவுக்கு நல்லது, நமக்கு நாசம். மைக்ராஸ்கோப் பல்ப ஒரே அளவுல வச்சு சூடாக விட்டு, ஒவ்வொரு தடவையும் வெறும் கண்ணாடிய ஒரு போட்டோ எடுங்க. வெறும் என்பிடி மட்டும் போடற டிஹைட்ரஜனேஸ் வேலையில 585 நானோமீட்டர்ல அளப்பாங்க, அங்க ஃபார்மசானோட ரெண்டு வகையும் ஒரே அளவு ஒளிய உறிஞ்சும். உங்களுதுல இண்டிகோ நீலமும் கலந்து கெடக்கறதால அந்த கணக்கு அப்படியே ஒத்து வராது, ஏதாச்சும் ஒரே ஃபில்டர், இல்ல பச்சை சேனல், எதுவானாலும் கடைசி வரைக்கும் ஒண்ணுதான்னு வச்சுக்கோங்க.

செக்ஷன் தடிமன் 8 ன்னா எல்லாமே 8. 10 மைக்ரான் செக்ஷன்ல 5 மைக்ரான விட ரெண்டு மடங்கு என்சைம் இருக்கு, அது புழுவோட சாமர்த்தியம் இல்ல, கத்தியோடது.

கடைசியா, 30 வச்சு டி டெஸ்ட் போட்டேன்னீங்களே, அத யாருக்கும் காமிச்சுடாதீங்க. உங்க கிட்ட இருக்கறது 30 இல்ல, 2. ஒரே புழுவ 15 தடவ எண்ணுனா 15 புழு ஆயிடுமா? புழுவுக்கு 5 செக்ஷன் எடுத்து சராசரி பாத்து அத ஒரு நம்பரா வச்சு, குரூப்புக்கு 8, 10 புழுவாச்சும் எடுங்க.

கெமிஸ்ட் அண்ணாவுக்கு: அதே புழு குடல்ல ஒரு துண்டு உங்க வழியில அரைச்சு 405 ல படிச்சுக்கட்டும், பக்கத்து துண்டு ஸ்லைடுக்கு. மொத்தம் எவ்ளோன்னு டெஸ்ட் டியூப் சொல்லும், எங்கன்னு ஸ்லைடு சொல்லும், ரெண்டும் ஒரே பக்கம் சாஞ்சா வைவாவுல யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க.

தகடூர்க்காரி

அண்ணா, அய்யா, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி, குழாய் கதைய படிச்சுட்டு ஹாஸ்டல்ல தனியா சிரிச்சேன். ரெண்டு சந்தேகம். எங்க லேப்ல ரெண்டு நாள் டிஸ்டில்டு வாட்டர் இல்லாம போர் தண்ணியில பஃபர் போட்டேன், நம்ம மாவட்டத்து தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தின்னு ஸ்கூல்ல இருந்து கேக்கறோம், ஃபுளோரைடு பாஸ்படேஸ அடக்கும்னு புக்ல போட்டுருக்கு, அதனாலதான் பாரஃபின் செக்ஷன் வெளிறிச்சோ? இன்னொண்ணு, புழு எந்த நாள் எடுக்கறதுன்னு ஏதாச்சும் கணக்கு உண்டா, நான் மாமா வீட்டுக்கு போற நாள்ல கெடைச்சத எடுத்தேன்.

பழைய மைக்ரோடோம்

நல்ல கேள்விதான், ஆனா ஃபுளோரைடு மேல பழி போடாதம்மா, அதுக்கு ஏற்கனவே நம்ம ஊர்ல கெட்ட பேரு போதும், பல்லு மஞ்சளாக்கி எலும்ப வளைச்சு, கடைசியில ஒகேனக்கல் தண்ணிய குழாய் போட்டு ரெண்டு மாவட்டத்துக்கும் கொண்டு வர வச்சுது. புக்ல சொல்றது ஆசிட் பாஸ்படேஸ், உன்னுது அல்கலைன். ஆசிட் பாஸ்படேஸுக்கு கன்ட்ரோலா சோடியம் ஃபுளோரைடு போடுவோம், அதுவும் 10 மில்லிமோலார் போடுவோம், அதாவது லிட்டருக்கு 190 மில்லிகிராம் ஃபுளோரைடு. குடிதண்ணியில 1.5 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு சொல்றாங்க, உங்க போர்ல அதவிட சில மடங்கு இருந்தாலும் 190 எங்க, அது எங்க.

ஆனா போர் தண்ணி வேற காரணத்துக்கு ஆவாது. உப்புத்தண்ணி, கால்சியம் ஜாஸ்தி, பிஹெச் 9.5 ல வெள்ளையா திரிஞ்சுக்கிட்டு நிக்கும், ஸ்லைடு மேல தூசு மாதிரி படியும், அதயும் உன் இமேஜ்ஜே திசுன்னு எண்ணிடும். டிஸ்டில்டு வாட்டர் இல்லன்னா அன்னைக்கு வேலைய நிறுத்து.

அப்புறம் மவுண்ட் பண்றப்ப சைலீன் பக்கம் போவாத, கிளிசரின் ஜெல்லி போடு. சைலீன் மவுண்ட்ல இந்த கலர் சில நேரம் ஊசி ஊசியா படிகமாயிடும், பாத்துருக்கேன்.

மல்பெரி தோட்டம்

இந்த பேச்சுல எனக்கு பாதிக்கு மேல புரியல, ஆனா புழு பத்தி கேட்டதால எழுதறேன். ராயக்கோட்டை பக்கம், வெள்ளைக்கூடு வளக்கறோம், தர்மபுரி கூடு அங்காடிக்கு வந்து போற ஆளு.

பாப்பா, கெடைச்ச புழுவ எடுக்கறதெல்லாம் சரிப்படாது. அஞ்சாம் பருவம் ஏழெட்டு நாளு, மொத நாள் புழுவும் ஆறாம் நாள் புழுவும் ஒண்ணா? நாலாவது தோலுரிப்பு முடிஞ்சு எந்திரிச்சதுல இருந்து நாள் எண்ணனும், அதுவும் மொத தீனி போட்ட நேரம் குறிச்சு வைக்கணும், எல்லாம் ஒரே நேரத்துல எந்திரிக்காது, பின்னாடி எந்திரிச்சது தனி. தோலுரிக்கற நேரத்துல தலைய தூக்கிக்கிட்டு அசையாம இருக்கும், அப்ப தின்னவே தின்னாது, அந்த புழுவ அறுத்து என்ன பாக்க முடியும். கடைசி நாள்ல கூடு கட்டறதுக்கு முன்னாடி வயித்த காலி பண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும், அதுவும் ஆவாது. மூணாம் நாள் நாலாம் நாள் நல்லா திங்கற நேரம், ராத்திரி மனையில நின்னா மழை பெய்யற மாதிரி சத்தம் கேக்கும், அப்ப எடு.

இன்னொண்ணு, படுக்கையில சுண்ணாம்பு தூவுவாங்க, மாமா கிட்ட கேட்டுக்க, தூவுன அன்னைக்கு எடுத்தா புழுவ தொடச்சுட்டு அறு. பால் நோய் வந்த புழு தோலு பளபளன்னு உப்பி, தொட்டா பால் மாதிரி ஒழுகும், அது ஒண்ணு கூட உன் டப்பாவுக்குள்ள போயிடக்கூடாது. வாடுன இலை போட்ட தட்டுல நோய் சீக்கிரம் வரும், எங்களுக்கு தெரியாம இல்ல, கரண்டு கட் ஆகி தண்ணி விட முடியாத வாரம் பூரா அதான் நடக்கும். அப்ப உன் கலர் இலைய காட்டுதா நோய காட்டுதான்னு யாரு சொல்றது?

ஓசூர் டூ பெங்களூர்

அண்ணே, கடைசி வரி ஒண்ணு போதும், என் லேப்ல பேப்பர் படிச்சு கேள்வி கேக்கறவங்க கூட இத கேக்க மாட்டாங்க. தகடூர்க்காரி, இத அப்படியே டிஸ்கஷன்ல எழுதுங்க, ஒவ்வொரு புழுவோட ரத்தத்தையும் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்ல பாருங்க, பால் நோயா இருந்தா வைரஸ் படிகம் பல பக்கம் வச்ச மணி மாதிரி மினுமினுன்னு தெரியும், அந்த புழுவ தூக்கிப்போட்டுடுங்க.

தகடூர்க்காரி

மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க, செமஸ்டர் நடுவுல.

மாமா கிட்ட கெஞ்சி நாலாவது தோலுரிப்பு முடிஞ்ச நேரத்த சுவத்துல கரியால எழுதி வச்சோம், மூணாம் நாள் காலையில குரூப்புக்கு 8 புழு. ரத்தம் பாத்ததுல வாடுன இலை தட்டுல ரெண்டு புழுவுல படிகம் இருந்துச்சு, மல்பெரி அண்ணன் வாய்க்கு சர்க்கரைதான் போடணும், அத எடுத்துட்டு வேற ரெண்டு எடுத்தேன். உறைய உருவுனா அப்படியே பச்சை மெழுகுவர்த்தி மாதிரி வந்துச்சுங்க, உள்ள இருந்த இலை மொத்தமும் போச்சு. 0.75 உப்புத்தண்ணி, ஐஸ், மறுபடி அதே கிரையோஸ்டாட், அதே கண்டக்டர், இந்த தடவ அவரே மீன் வந்துருச்சான்னு சிரிச்சாரு. 8 மைக்ரான், ட்ரிஸ், பிஹெச் 9.5, மக்னீசியம்.

பிசிஐபி இல்லாத கன்ட்ரோல் 15 நிமிஷம் வரைக்கும் கிட்டத்தட்ட சுத்தமா இருக்கு! மொத தடவ பாத்தப்ப கண்ணுல தண்ணியே வந்துருச்சு. முழு கலவையில கலர் பிரஷ் பார்டர்ல ஒரு கோடு போட்ட மாதிரி வருது, 8 நிமிஷம் வரைக்கும் நேர்கோடு, 10 ல வளைய ஆரம்பிக்குது, 15 ல படுத்துடுது. அப்ப நான் ஒரு மணி நேரம் வச்சது எவ்ளோ பெரிய கூத்து. நல்ல இலை குரூப்புக்கு சரிவு நிமிஷத்துக்கு 0.052 ஆப்டிக்கல் டென்சிட்டி, வாடுன இலைக்கு 0.037, எட்டு எட்டு புழு சராசரி. கெமிஸ்ட் அண்ணா வழியிலயும் அதே பக்கம்தான் சாயுது, ஆனா அங்க வித்தியாசம் கம்மி.

அதான் இப்ப சந்தேகம், ஸ்லைடுல வித்தியாசம் பெருசா இருக்கு, டியூப்ல சின்னதா இருக்கு, எத நம்பறது? கைட் ப்ளஸ் ப்ளஸ விட்டுட்டாரு, இப்ப இத கேக்கறாரு.

காவேரிப்பட்டணம் கெமிஸ்ட்

டியூப்ல நீங்க அரைச்சது குடல் துண்டு மொத்தமும், அதுல சதை, மூச்சுக்குழல், எல்லாம் புரதமா வந்து கீழ வகுக்குது. அது மட்டும் இல்ல, பட்டுப்புழு நடுக்குடல்ல ரெண்டு விதமான அல்கலைன் பாஸ்படேஸ் உண்டு, ஒண்ணு சவ்வுல ஒட்டிக்கிட்டு இருக்கறது, இன்னொண்ணு கரைஞ்சு இருக்கறது. அரைச்சா ரெண்டும் சேந்து நம்பரா வரும். நீங்க ஸ்லைடுல அளந்தது பிரஷ் பார்டர் கோட்ட மட்டும்னா அங்க பெரும்பாலும் சவ்வு ஆளுதான், அதுலயும் ஃபிக்ஸ் பண்ணாத செக்ஷன்ல கரையறது கழுவறப்பவே தண்ணியில போயிருக்கும். ரெண்டு நம்பரும் ரெண்டு வேற கேள்விக்கு பதில், அவ்ளோதான். அரைச்சத சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி மேல தெளிஞ்சது தனியா, அடியில படிஞ்சது தனியா படிங்க. அடியில இருக்கறதோட வித்தியாசம் உங்க ஸ்லைடுக்கு கிட்ட வந்தா அந்த கூழ் ஃபேக்டரி கேலிய நான் வாபஸ் வாங்க சொல்ல மாட்டேன் அய்யா.

பழைய மைக்ரோடோம்

சாதா லேப் சென்ட்ரிஃப்யூஜ்ல சவ்வுத்துணுக்கு மொத்தமும் அடியில உக்காராது தம்பி, வேகம் பத்தாது, பெரிய மெஷின் எங்கயாச்சும் கெடைக்குதான்னு பாக்க சொல்லு. அதுவரைக்கும் ஸ்லைட ஃப்ரிட்ஜுல வைம்மா, ஜெல்லி உருகிடப் போவுது, வெயில் ஆரம்பிச்சாச்சு.